‘போச்சுன்னா’ அக்கா

என் வளைகாப்பன்று கன்னத்தில் சந்தனம் பூசி, கையில் இரண்டு கண்ணாடி வளையல்களை ஏற்றிவிட்டு, மாடி வீட்டு அக்கா என் பக்கமாகக் குனிந்து கேட்டார்: “ஏனுங்க, வலி வந்த அன்னைக்கு ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சுன்னா எந்த வழியாப் போவீங்க?”

ஆரத்தித் தட்டோடு நின்ற என் மாமியாருக்கு முகம் கறுத்துவிட்டது. அக்கா கிளம்பிப் போன கையோடு மாமியார் எனக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடியே வரவில்லை என்றும், இம்புட்டுக் கண்ணா என்றும் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. வயிற்றில் பிள்ளையோடு படுத்தபடி அதே கேள்வியைத்தான் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். வாய்விட்டுக் கேட்டால் எல்லாரும் “எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்று தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். பதிலை எதிர்பார்த்து நின்ற முதல் ஆள் அவர்தான். நான் யோசித்து ஒரு வழி சொன்னேன். “அதுல தரைப்பாலம் இருக்குதுங்களே, தண்ணி ஏறிப் போச்சுன்னா?” என்றார். இரண்டாவதாக ஒரு வழி சொன்னேன். தலையாட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் சாப்பிடப் போனார்.

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் அவர் குடியிருந்தார். ஊருக்கு வெளியே, சமவெளியில், சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் மின்சாரம் பிரித்து அனுப்பும் ஒரு துணை மின் நிலையம் இருக்கிறது. அதற்குப் பொறுப்பான பொறியாளர் அவர். அது எந்தப் பக்கம், எத்தனை வழியாக அதற்கு மின்சாரம் வருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் எழுதமாட்டேன். அவர் பெயரையும் எழுதமாட்டேன். எழுதினால் எங்கிருந்தாலும் போன் போட்டு, “யாரைக் கேட்டு எழுதுனீங்க?” என்பார். இவ்வளவு எழுதுவதே சரிதானா என்று இப்போதும் ஒரு யோசனை இருக்கிறது.

சொந்த ஊர் பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டி. அந்தப் பக்கத்து ‘ங்க’ அவர் பேச்சை விட்டுப் போகவே இல்லை. கடுமையான விஷயத்தையும் அந்த ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார், அதனால் கேட்பவர்களுக்குக் கோபம் கொஞ்சம் தாமதமாகவே வரும். அலுவலகத்தில் அவருக்குப் ‘போச்சுன்னா’ என்று பட்டப்பெயர். இந்த வழி போச்சுன்னா? இந்தச் சாவி போச்சுன்னா? சாவி வைத்திருக்கும் ஆளே போச்சுன்னா? அவர் வீட்டுக்காரர் தேங்காய் மொத்த வியாபாரி, பெரிய மீசை, மெல்லிய குரல். ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “தாலி கட்டறப்பவே, கயிறு அந்து போச்சுன்னா இன்னொண்ணு வச்சிருக்கீங்களான்னு கேட்டவளுங்க இவ.”

மாடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “வச்சிருந்தீங்களா?”

“இல்லையே.”

“பொறகென்ன சிரிப்பு?”

நானும் பயந்தவள்தான். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்தபிறகும், சரியாகப் பார்த்தேனா என்று இருக்கும். பயந்தால் நான் உட்கார்ந்துவிடுவேன். அவர் பயந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் இருவருக்கும் அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

ஒரு தடவை தன் வீட்டுக்காரருக்கே தலைக்கவசமும் ஆரஞ்சு நிறச் சட்டையும் மாட்டிவிட்டு, தோளில் ஒரு கனமான பையையும் தொங்கவிட்டுத் தன் நிலையத்துக்கு அனுப்பினார். பைக்குள் ஒரு டஜன் தேங்காய். வாசல் காவலாளி அவரை யாரென்று கேட்கவில்லை. சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டதோடு, டிரான்ஸ்பார்மர் எந்தப் பக்கம் என்று கையும் காட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் நேராக அதன் அடியில் பையை வைத்துவிட்டு, வந்த வழியே வெளியே வந்து, சாலையோரத்தில் டீ குடித்திருக்கிறார். பின்னாலேயே போன அக்கா, நிலையத்தில் இருந்த எல்லாரையும் அந்தப் பையைச் சுற்றி நிறுத்தி, “இது வெடிச்சிருச்சுங்க. இப்பச் சொல்லுங்க, முதல்ல யாருக்குப் போன் பண்ணுவீங்க?” என்று கேட்டாராம். ஒருவர் மெல்லக் கையைத் தூக்கி, “மேடம், தேங்காயை நாங்க எடுத்துக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்த சிரிப்பு மாடி முழுக்கக் கேட்டது. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, “ஆரஞ்சு சட்டை போட்டு வந்தா எமனையும் உள்ள விட்டுருவாங்க” என்றார். மறுவாரமே அந்தக் காவலாளி, அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்த அக்காவையே வெயிலில் அரைமணி நேரம் நிறுத்திவைத்தார். அந்தச் சந்தோஷத்தில் அன்று வீட்டுக்கு வரும்போது அக்கா தெருவுக்கே ஜிலேபி வாங்கி வந்தார்.

எரியோட்டில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் சேர்ந்து போனோம். மண்டபத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் உயர் அழுத்தக் கம்பிகளும் வேலி போட்ட ஒரு சிறிய மின் நிலையமும். மாப்பிள்ளை அழைப்பைப் படம் எடுக்க ஹெலிகேம் என்கிற பறக்கும் கேமராவை விட்டிருந்தார்கள். அது ஊர்வலத்தை எடுத்துவிட்டு, அழகுக்காக வயல், தென்னந்தோப்பு என்று ஒரு சுற்று சுற்றி அந்த வேலிக்கு மேலேயும் போய்ச் சற்று நின்றது. அக்கா பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். கூட்டு, பொரியல் என்று வெஞ்சனமெல்லாம் வைத்துவிட்டார்கள், சோறு வரவில்லை. சன்னல் வழியாக அதைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாரும் பார்க்கிறார்கள், பின்னால் போவதா, இலையைக் காப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தபடியே நின்றேன்.

படம் எடுப்பவரிடம், இறக்குங்க, அந்த இடத்தை எடுத்ததை மட்டும் அழிச்சிருங்க என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். “ஏம்மா, எங்க மாப்பிள்ளையப் பார்த்தா தீவிரவாதி மாதிரியா தெரியுது?”

“மாப்பிள்ளை தங்கமான பையனுங்க. ஆனா இந்தப் படத்தை நாளைக்கு நெட்டுல போடுவீங்க. அதை யாரு யாரு பார்ப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தாய்மாமன் யோசித்தார். அழிக்கச் சொன்னார். அக்கா திரும்பி வந்து அதே இலையில் உட்கார்ந்து ரசம் வரைக்கும் சாப்பிட்டார். வரும் வழியில் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: “கரண்ட்டு, தண்ணி, போன் டவரு, ரயிலு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்குதுங்க. ஒண்ணைத் தட்டுனா எல்லாம் சாயும். புயல் தெரியாமத் தட்டும், கெட்டவன் தெரிஞ்சு தட்டுவான். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நான் முழிச்சிருக்கேன்.”

என் மாமியாருக்கு அவரிடம் பொறுக்கமுடியாத ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது அவர் “போறேனுங்க” என்பார். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். “போயிட்டு வாரேன்” என்பதுதான் வழக்கம். விளக்கை அணை என்று சொல்லவே கூசுகிற வீடு எங்களுடையது. மாமியார் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். அதற்கு அக்கா, “வேலைக்கில்லைங்களா போறேன், நாளைக்குக் காலையிலதான் வருவேன். வாரேன்னு சொன்னா நீங்க டீயைப் போட்டு வச்சிருவீங்க” என்றார். மாமியார் உள்ளே போய்விட்டார்.

பிரசவத்துக்கு நாங்கள் பார்த்து வைத்திருந்தது ஒரு தனியார் மருத்துவமனை. ஒருமுறை என்னோடு துணைக்கு வந்தார். நான் ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்தால் ஆளைக் காணவில்லை. கட்டடத்துக்குப் பின்பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “டாக்டர் நல்ல டாக்டர்தானுங்க. ஜெனரேட்டர்தான், கரண்ட்டு போனா தானா ஓடாது, கையால போடோணும்” என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

என் மகள் மாதம் நிறையும் முன்பே, சிசேரியனில், பிறந்துவிட்டாள். என் உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்த நீளம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சூடு தரும் இயந்திரத்தின் கீழே, தொப்பி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மூச்சு சீராக இருக்கிறது, உடம்பில் சூடு மட்டும் நிற்கவில்லை, அது குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொன்னார். நான் தொடவில்லை. தொடலாம் என்று நர்ஸ் சொல்லியும், என் கை சுத்தமாக இருக்கிறதா, அழுத்திவிடுவேனா என்று கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் புயல் வந்தது. எங்கள் ஊருக்குப் புயல் வராது, கடல் எங்கே, திண்டுக்கல் எங்கே என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்றுக்கு மேப் தெரியாதுங்க என்று அக்கா சொன்னதாக என் கணவர் முந்தின நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். காலையில் ஆரம்பித்த காற்று நேரம் ஆக ஆக ஏறியது. மருத்துவமனை வாசலில் நின்ற வேம்பின் கிளைகள் முறிந்து போயின. அடுத்த தெருவில் தகரக் கூரை பறக்கிற சத்தம். மின்சாரம் நின்றது.

குழந்தைகள் இருந்த அறை மட்டும் பேட்டரியில் ஓடியது. மற்ற இடமெல்லாம் இருட்டு. பேட்டரிப் பெட்டி ஒன்று விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது. என் கணவர் என் தோளைப் பிடித்து, வந்துரும், இப்ப வந்துரும் என்றார். மருத்துவமனை மேலாளர், ஜெனரேட்டரில் டீசல் குறைவாக இருப்பதாகவும், ரோடெல்லாம் மரம் கிடப்பதால் டீசல் வாங்கப் போகமுடியாது என்றும், அதனால் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். எலெக்ட்ரீஷியன் போனில் மின்வாரியத்தில் விசாரித்துவிட்டு ஓடிவந்தார். “லைன் போயிட்டு வருதாம் சார்.”

மேலாளர் முகத்தில் நிம்மதி. போயிட்டு வருது என்றால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். அப்படியானால் டீசலை ஏன் வீணாக்க வேண்டும்?

எனக்கு அந்த வார்த்தையில் ஏதோ உறுத்தியது. அதை வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுதான் என்னுடையது. போனது திரும்பி வருவதாலா அப்படிச் சொன்னார்கள், இல்லை, போச்சு என்று சொல்லக் கூசியா? கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன். அக்கா எந்தக் கம்பியின் கீழே நிற்கிறாரோ, இந்த நேரத்தில் போய்த் தொந்தரவு செய்வதா என்று வைத்துவிட்டேன். பேட்டரிப் பெட்டி கூவும் இடைவெளி குறைந்த மாதிரி இருந்தது. மறுபடி எடுத்தேன்.

காற்றுக்கு நடுவே அவர் குரல் வந்தது. “சொல்லுங்க.”

“அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கேன். கரண்ட்டு போயிட்டு வருதுன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்களாம். வந்துருமா?”

“வராதுங்க.”

“வராதுன்னா?”

“கரண்ட்டு டவரே சாஞ்சு கெடக்குது. அந்த வழி போச்சு. போயிட்டு வருதுன்னு எவன் சொன்னான்னு அப்புறம் பார்த்துக்கறேன். ஜெனரேட்டரை இப்பவே போடச் சொல்லுங்க. குழந்தைங்க ரூமுக்கு மட்டும். லிப்ட், ஏசி, மேல் மாடி எல்லாத்தையும் அடிச்சு நிறுத்தச் சொல்லுங்க.”

“அக்கா, வேற வழியா எங்களுக்கு மட்டும் கொஞ்சம்…”

“வேற வழி ஒண்ணு இருக்குதுங்க. அதுல கொஞ்சந்தான் வரும். பெரிய ஆஸ்பத்திரிக்கும் தண்ணி மோட்டாருக்கும்தான் முதல்ல. அங்க ஆபரேஷன் நடக்குது. உங்களுக்கு டீசல் இருக்குது. பொறகுதான் உங்களுக்கு.”

அவர் கெஞ்சலுக்கு இளகமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கெஞ்சினேன். என் பிள்ளை என்றேன். சொன்னதை இன்னொரு தரம் அதே வரிசையில் சொன்னார். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது, காற்றாகவும் இருக்கலாம். “ஓடுங்க கண்ணு” என்று வைத்துவிட்டார்.

ஓடினேன். தையல் போட்ட வயிற்றோடு நான் ஓடியது அன்றுதான். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவள், மேலாளர் முன்னால் நின்று “வராது சார்” என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். டவர் சாய்ந்ததையும், சொன்னது யார் என்பதையும், எதை எதை நிறுத்த வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போதே, நான் தப்பாகக் கேட்டிருந்தால்? டீசலும் தீர்ந்து, மின்சாரமும் வராமல் போனால்? ஆனால் அக்கா ‘வராது’ என்று சொன்னதில் தப்பாகக் கேட்க ஒன்றுமே இல்லை. மேலாளர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எலெக்ட்ரீஷியனைப் பார்த்துத் தலையாட்டினார்.

எலெக்ட்ரீஷியனும் என் கணவரும் மழையில் பின்பக்கம் ஓடினார்கள். தார்ப்பாயை விலக்குவதற்குள் பேட்டரிப் பெட்டியின் கூவல் ஒரே நீளமாக மாறிவிட்டது. பிறகு அதுவும் நின்றது. குழந்தைகள் அறை இருண்டது. உள்ளே நர்ஸ் தன் போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு தொட்டிலாகப் போவது தெரிந்தது. என் மாமியார் என் கையைப் பிடித்திருந்தார், அல்லது நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். பின்பக்கம் ஒரு தடவை உறுமி நின்றது. இன்னொரு தடவை. மூன்றாவது உறுமலில் நிற்காமல் ஓடியது. அறையில் வெளிச்சம் வந்தது.

ஆனால் டீசலை இழுத்துப் பிடிக்க வேண்டும். எல்லா இயந்திரங்களையும் ஓட்ட முடியாது, மூச்சுக்குத் திணறும் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்றார் டாக்டர். மூச்சு சீராக இருக்கிறவர்களை அம்மாக்கள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள், அம்மா உடம்புச் சூடே போதும் என்றார். நர்ஸ் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ரவிக்கையைத் தளர்த்தி, என் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை சுத்தமா என்று கேட்க எனக்கு நேரமில்லை. நெஞ்சில் வைத்துப் போர்த்திவிட்டார். அவள் குளிர்ந்திருந்தாள். கோழிக்குஞ்சு போல ஒரு கால் என் வயிற்றை உதைத்தது. என் இதயம் அடித்த அடியில் அவள் மேலும் கீழும் அசைந்தாள். இவ்வளவு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றேனே என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் முதுகு என் கைக்குச் சூடாகப் பட்டது. நான் அசையவே இல்லை.

சாயங்காலம் காற்று அடங்கியபிறகு அக்கா வந்தார். சேலை மேல் மழைச் சட்டை, முழங்கால் வரை சேறு, தலைமுடியில் ஏதோ இலை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் போய்விட்டது, தண்ணி மோட்டார் ஓடுகிறது, உங்கள் வரிசை அடுத்தது, ஆனால் இன்னும் வரவில்லை, வருவதற்குள் விடிந்துவிடலாம் என்று வாசலிலேயே நின்று சொன்னார். நேராகப் பின்பக்கம் போய் டீசலை எட்டிப் பார்த்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு எங்களிடம் வந்தார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, போர்வையை விரல்நுனியால் விலக்கி மகளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மதியத்திலிருந்து ஒரே நிலையில் உட்கார்ந்து எனக்குத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“இவங்களுக்கு அடுத்து யாருங்க?” என்றார், அறையைப் பார்த்து.

யாருக்கும் புரியவில்லை.

“விடியற வரைக்கும் இவங்க ஒருத்தரால முடியாது. அடுத்து யாரு வச்சுக்கறது?”

அம்மாதானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் கணவர் இழுத்தார். சூடுதான் வேணும், அப்பாவும் வைத்துக்கொள்ளலாம் என்றார் நர்ஸ். பெண்கள் நிறைந்த அந்த அறையில் என் கணவர் நாலு பக்கமும் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றார்.

மாமியார்தான் முதலில் எழுந்தார். தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுவிட்டு மகனைப் பார்த்தார்.

“ஏலே, என்ன வேடிக்கை? சட்டையக் கழட்டிட்டு உக்காரு. கழுத்துச் செயினையும் கழட்டு, பிள்ளைக்குக் குத்தும்.”